பழைய இரும்புப் பீரோவுக்கு ஸ்ப்ரே கன் கொண்டு புது வண்ணம்: முதல்முறை செய்பவர்களுக்கு

கல்யாணச் சீராக வந்து முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஒரே மூலையில் நிற்கும் இரும்புப் பீரோவைப் பழைய இரும்புக்கு எடைபோடுவதற்கு முன், அதன் கதவை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். தகடு கனமாக, தாழ்ந்த குரலில் பதில் சொன்னால் அந்தப் பீரோவுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. கெட்டுப்போனது மேற்பூச்சு மட்டும்தான். பூச்சைப் புதுப்பிக்கும் வேலையை வீட்டிலேயே செய்ய முடியும். ஆனால் ஸ்ப்ரே கன் பிரஷ்ஷைப் போலக் குறைகளை மறைத்துக் கொடுக்காது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பிரஷ் கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும் சிறு பள்ளம், கீறல், துருப் புள்ளி எல்லாம் ஸ்ப்ரே அடித்த கண்ணாடிப் பரப்பில் ஊருக்கே தெரியும். ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி கன்னைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றியதாகவே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் கன் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய ஸ்டூல், ஒரு டிரங்குப் பெட்டி போன்றவற்றுக்கு நல்ல பிரஷ்ஷே போதும். கன்னைக் கழுவும் நேரத்தில் அந்த வேலை முடிந்துவிடும். கம்பிகள் நிறைந்த கட்டில், மடக்கு நாற்காலி, பெரிய சமதளக் கதவுகள் கொண்ட பீரோ ஆகிய மூன்றில்தான் கன்னின் பயன் உண்மையாகத் தெரிகிறது. முதல்முறை செய்பவர்கள் ஒரு மடக்கு நாற்காலியில் தொடங்கிக் கை பழகிய பிறகு பீரோவுக்கு வருவது நல்லது.

எப்போது, எங்கே

நான் இருப்பது சென்னையில், கடற்காற்று படும் பகுதியில். இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இந்த வேலையை நினைத்தும் பார்ப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பூச்சு அடிக்கக் கூடாது என்பது தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. பனி இறங்கும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தது. கருவி இல்லாதவர்கள் ஈரத்துணியால் தகட்டின் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்கலாம்; கால் மணி நேரத்துக்குள் அந்த ஈரம் தானாகக் காயவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை, காலை பனி விலகிய பிறகு ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை, நிழலில் அடிப்பதே எனக்குச் சரியாக வந்திருக்கிறது. நேர்வெயிலில் காய்ந்து கை வைக்க முடியாமல் சுடும் தகட்டின்மேல் பெயின்ட் பரவுவதற்குள் இறுகிவிடும்.

மொட்டை மாடியில் பந்தல் நிழல் இருந்தால் அதுவே நல்ல இடம். மூன்று பக்கம் பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள். பழைய சேலையைக் கட்டினால் அதன் நூல் பிசிர் முழுவதும் ஈரப் பூச்சின்மேல்தான் வந்து உட்காரும். தரையில் தண்ணீர் தெளித்தால் புழுதி எழாது. காற்றில் பறக்கும் பெயின்ட் துகள் நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் போகும் என்பதால், பக்கத்து மாடிக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியையும் கீழே நிற்கும் ஸ்கூட்டரையும் எடுக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குவது உறவுக்கு நல்லது. வெள்ளிக்கிழமை பீரோவைக் காலி செய்யக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதற்கும் தலையாட்டிவிடுங்கள். எப்படியும் இந்த வேலைக்கு ஐந்தாறு நாள் ஆகும், ஒரு நாளில் எதுவும் குடிமுழுகிப்போகாது.

பழைய பூச்சைச் சோதித்தல்

பீரோவைக் காலி செய்து, தட்டுகள், கைப்பிடி, கண்ணாடி, பூட்டு என்று கழற்றக்கூடிய அனைத்தையும் கழற்றி, திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கதவுகள் கழன்று வந்தால் மிகவும் நல்லது. வராவிட்டால் பீரோவையே மல்லாக்கப் படுக்க வைத்து முன்பக்கத்தை அடிக்கலாம்.

அடுத்தது கழுவுதல். ஆயுத பூஜைதோறும் வைத்த சந்தனம், குங்குமம், கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள், கைப்பிடியைச் சுற்றிப் படிந்த கை எண்ணெய் என்று ஒரு வீட்டின் வரலாறே அதன்மேல் இருக்கும். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் விட்டுவிடும். ஆனால் பசையைவிட அந்த எண்ணெய்தான் பெயின்ட்டுக்குப் பெரிய எதிரி. எனவே சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு டர்பன்டைன் நனைத்த துணியால் ஒருமுறையும் உலர்ந்த சுத்தமான துணியால் ஒருமுறையும் துடையுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால், உப்புத்தாள் போடும்போது அதைத் தகட்டுக்குள்ளேயே தேய்த்து இறக்கிவிடுவோம்.

பழைய பூச்சை முழுதும் சுரண்ட வேண்டுமா, மேலாகத் தேய்த்தால் போதுமா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறாறு கோடு கீறி, அதன்மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டால் அந்தப் பூச்சுக்குத் தகட்டோடு உறவு முடிந்துவிட்டது. அதன்மேல் எதை அடித்தாலும் சேர்ந்தே உரியும். கட்டங்கள் அசையாமல் நின்றால் அந்தப் பழைய பூச்சைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். கதவு, பக்கம், அடிப்பகுதி என மூன்று இடங்களில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சுத்தியலால் கொத்தியதுபோலத் தோற்றம் தரும் ஹாமர்டோன் பூச்சாக இருந்தால், ஒட்டுதல் நன்றாக இருந்தாலும் அந்த மேடுபள்ளம் தேய்த்து மட்டமாக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பூச்சுக்குள்ளிருந்து அம்மைத் தழும்புபோல எட்டிப் பார்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் கொண்டுவரப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பீரோவின் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்புவதும், சூட்டுக் காற்றால் பூச்சைப் பொசுக்குவதும் கூடாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்து, வழியும் சேற்றைத் துணியால் வழித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

துரு

பீரோவின் துரு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கிறது. தினமும் வீடு துடைக்கும்போது ஈரத்துணி தொட்டுப்போகும் அடிப்பட்டையும் கால்களும்தான் அது. கதவு புதுசுபோல மின்ன, கீழே இரண்டங்குலம் மட்டும் செதில் செதிலாக உதிர்ந்து கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அது பெயின்ட் வேலையல்ல. அந்தப் பட்டையை வெட்டியெடுத்து வேறு தகடு பற்றவைக்க வெல்டரிடம் கொடுக்க வேண்டும். முனை இறங்காவிட்டால், தளர்ந்த செதில்களை முதலில் சுரண்டியால் எடுத்து, பிறகு கம்பி பிரஷ் போட்டு, அதன்பின் 80-ஆம் எண் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

குழிகளுக்குள் கறுப்பாக ஒட்டிக்கிடக்கும் துரு தேய்ப்புக்கு அசையாது. அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு பழைய பிரஷ்ஷால் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் துலக்குவதும் அமிலத்தின் வேலைதான், ஆனால் இங்கே புளி போதாது. கடலோர ஊர்களில் துருவுக்குள் உப்பும் சேர்ந்திருக்கும் என்பதால் கழுவும் தண்ணீர் உப்பு நீராக இருக்கக் கூடாது; குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். கழுவியவுடன் துணியால் ஒற்றி, ஹேர் டிரையரால் காய வையுங்கள். வெறும் தகடு எங்கள் பகுதியில் சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். ஆகையால் எவ்வளவு இடத்துக்கு அன்றே பட்டியும் பிரைமரும் போட முடியுமோ அவ்வளவு இடத்தை மட்டும் அன்றைக்கு வெறுமையாக்குங்கள்.

பட்டியும் பிரைமரும்

நசுங்கல்களுக்கு டிங்கரிங் பட்டறையில் பயன்படுத்தும் கார் பட்டிதான் நிற்கும். அதில் சேர்க்கும் ஹார்டனர் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம். கலந்த சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். இந்தப் பட்டியைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய வெறும் தகட்டின்மேல் வைக்க வேண்டும். ரெட் ஆக்சைடு எனும் செங்கல் நிறப் பிரைமரை அடித்து அதன்மேல் வைத்தால் பட்டியின் கரைப்பான் அந்தப் பூச்சைத் தூக்கிவிடும். பட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால் இதை மட்டும் உலர்வாக, தூசி முகமூடி போட்டுக்கொண்டு, 120, பிறகு 220 எண் தாளால் தேய்க்கலாம். கண்ணை நம்பாமல், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பட்டி முடியும் ஓரம் கைக்குத் தட்டுப்பட்டால் பெயின்ட் அடித்த பிறகு கண்ணுக்கும் தட்டுப்படும்.

பிரைமர் வாங்கும்போது டப்பாவில் ஜிங்க் பாஸ்பேட் என்று இருப்பதைப் பாருங்கள். ஜிங்க் குரோமேட் கலந்த ரெட் ஆக்சைடு துருவை நன்றாகவே தடுக்கும். ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது, அதைத் துகளாக்கிக் காற்றில் அடித்து அதன் நடுவே நிற்பது அறிவான செயலல்ல. கிரீம், வெள்ளை போன்ற வெளிர் நிறம் அடிப்பதாக இருந்தால் சாம்பல் நிறப் பிரைமர் கேளுங்கள். செங்கல் நிறத்தை மறைக்க இரண்டு பூச்சு கூடுதலாகச் செலவாகும். நீங்கள் அடிப்பது துத்தநாக முலாம் பூசிய தகடு என்றால் எனாமலை நேராக அதன்மேல் அடிக்காதீர்கள். துத்தநாகம் எண்ணெய்ப் பூச்சைச் சோப்பாக்கிச் சில மாதங்களில் உரித்துவிடும், அதற்கென்றே தனிப் பிரைமர் உண்டு. பிரைமரை ஓர் இரவு காயவிட்டு, 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்துவிட்டால் தகடு தயார்.

எந்தக் கருவி, எந்தப் பெயின்ட்

பிளக்கில் மாட்டிக் கையில் பிடித்து அடிக்கும் மின்சார ஸ்ப்ரேயர் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் போதுமானது. விலை குறைவு, தூக்குவது எளிது, காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் புகைபோலப் பறந்து வீணாவதும் குறைவு. பீரோக் கதவில் கண்ணாடிபோன்ற பரப்பு வேண்டும் என்றால் கம்ப்ரஸரும், மேலே குவளை பொருத்திய கன்னும்தான் சரி. மேற்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாஸிலும், பிரைமருக்கு 1.7 அல்லது 1.8 மில்லிமீட்டர் நாஸிலும் பொருந்தும். ஒரு குதிரைசக்திச் சிறு கம்ப்ரஸர் தொடர்ந்து அடிக்க ஈடுகொடுக்காது. ஒரு கதவை அடித்துவிட்டு டேங்க் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் ஈரக் காற்றை அழுத்தும்போது டேங்கில் தண்ணீர் சேரும். அதைத் தினமும் டேங்கின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து வடித்துவிடுங்கள். கன்னுக்கு முன்னால் ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்றும் மாட்டுங்கள்.

பெயின்ட்டைப் பொறுத்தவரை, புதியவர்களுக்குச் சிந்தெடிக் எனாமலைத் தவிர வேறொன்றையும் நான் சொல்ல மாட்டேன். பியு (பாலியூரித்தேன்) எனப்படும் இரண்டு டப்பா பெயின்ட்டின் பளபளப்பு ஆசைகாட்டும். அதன் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயில் நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கவே கூடாது. பட்டறைக்காரர்கள் டக்கோ என்று சொல்லும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் மளமளவென்று காயும். ஆனால் அதைப் பழைய எனாமல் மேல் அடித்துவிடக் கூடாது. என் முதல் பீரோவில் நான் செய்த பிழை அதுதான். பழைய பச்சை எனாமலை நன்றாகத் தேய்த்துவிட்டு, சீக்கிரம் முடிக்கலாம் என்று டக்கோவை அடித்தேன். ஐந்து நிமிடத்தில் கதவு முழுவதும், காய்ச்சிய பாலின் ஆடையை விரலால் ஒதுக்கினதுபோலச் சுருங்கி எழும்பிவிட்டது. என்சி தின்னர் கீழேயிருந்த எனாமலை ஊறவைத்துத் தூக்கிவிட்டது. மூன்று நாள் வேலையைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. இதே காரணத்தால் எனாமலில் கலக்கவும் என்சி தின்னர் வேண்டாம், டர்பன்டைன்தான்.

ஆறரை அடிப் பீரோ ஒன்றின் முன்பக்கம், இரு பக்கங்கள், மேல்தட்டு மட்டும் ஏறக்குறைய 4 சதுர மீட்டர் வரும். முதுகையும் சேர்த்தால் 6. ஸ்ப்ரேயில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடக்கூடும் என்பதால் இரண்டு பூச்சுக்கு இரண்டு லிட்டர் வாங்கினால் நடுவில் கடைக்கு ஓட வேண்டியிராது. டப்பாவை அடிவரை கலக்கி, 10 விழுக்காடு டர்பன்டைன் சேர்த்து, நைலான் துணியில் வடிகட்டுங்கள். கன்னோடு வரும் ஓட்டைக் குவளையிலோ, பெயின்ட்டின் கெட்டித்தன்மையை அளக்கும் 4 மில்லிமீட்டர் துளையுள்ள ஃபோர்டு கப்பிலோ நிரப்பி, நூல்போல ஒழுகுவது எத்தனையாவது நொடியில் அறுகிறது என்று எண்ணுங்கள். கம்ப்ரஸர் கன்னுக்கு 20 முதல் 25 நொடி நல்ல அளவு. மின்சார ஸ்ப்ரேயருக்குக் கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம், அதன் கையேட்டில் நொடிக்கணக்கு இருக்கும்.

அடிப்பதற்கு முன் உடம்பைக் கவனியுங்கள். துணி முகமூடியும் என்95-உம் தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டையும் தேவை. கம்ப்ரஸர் மோட்டாரின் சுவிட்ச் பொறி தட்டும் என்பதால் அதை நீளமான குழாய் போட்டுத் தள்ளி வையுங்கள். அருகில் சிகரெட், ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எதுவும் எரியக் கூடாது.

அடித்தல்

முதலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை விரித்துச் சுவரில் சாய்த்து வைத்துப் பழகுங்கள். கன்னில் மூன்று திருகுகள் இருக்கும்: விசிறியின் அகலம், பெயின்ட்டின் அளவு, காற்றின் அளவு. காற்றை 2 முதல் 2.5 பார் அளவில் வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று, ஒரே நொடி அழுத்தி விடுங்கள். அட்டையில் விழும் தடம் நீண்ட முட்டைபோல, முழுவதும் ஒரே அடர்த்தியாக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் திட்டாக இருந்தால் காற்றைக் கூட்டுங்கள், அல்லது பெயின்ட்டை இளக்குங்கள். உடுக்கைபோல இடை சிறுத்து இரு முனைகளும் பருத்தால் காற்று அதிகம். பிறைபோல ஒரு பக்கம் வளைந்தால் நாஸிலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் கொம்புகளில் காற்று வரும் துளையொன்று அடைத்திருக்கிறது. ஊறவைத்து மெல்லிய நாரால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், ஊசியால் குத்தினால் துளை கெட்டுவிடும்.

பிறகு கை அசைவு. கதவுக்கும் கன்னுக்கும் உள்ள 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மாறவே கூடாது. புதியவர்கள் எல்லோரும் மணிக்கட்டைச் சுழற்றி வாசல் தெளிப்பதுபோல வீசுவார்கள். நடுவில் கனமாகவும் ஓரங்களில் தூளாகவும் விழும். மணிக்கட்டைப் பூட்டிவைத்து, முழங்கையும் தோளும் சேர்ந்து நகர, கதவுக்கு வெளியே கையை நகர்த்தத் தொடங்கி, ஓரம் வந்ததும் விசையை அழுத்தி, மறு ஓரத்தைத் தாண்டியபின் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். ஓரங்களையும் மூலைகளையும் முதலில் முடித்துவிட்டுச் சமதளத்துக்கு வாருங்கள். கதவை இரண்டு ஸ்டூல் மேல் படுக்க வைத்தால் வடியும் பயம் குறையும்.

முதல் பூச்சு மெல்லியதாக, அடியிலுள்ளது தெரியும்படி இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, அது ஒட்டுப் பதத்துக்கு வந்ததும், முழுப் பூச்சை அடியுங்கள். போதுமான அளவு விழுந்ததா என்பதை அறிய, ஈரப் பரப்பில் தெரியும் டியூப் லைட்டின், அல்லது வானத்தின், நிழலைச் சாய்வாகப் பாருங்கள். நிழல் ரவைபோல உடைந்து தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும்; கோடு கூர்மையாக நின்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்; கோடு அசையத் தொடங்கினால் வடியப்போகிறது. வடிந்துவிட்டால் விரலை வைக்காதீர்கள். காய்ந்து இறுகியபின் 400 எண் தாளால் தேய்த்து அந்த இடத்தை மறுபடி அடிப்பதே வழி. சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழுந்தால் எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று பொருள். ஆரஞ்சுத் தோல்போல இருந்தால் பெயின்ட் கெட்டி, அல்லது கை தூரம். கொசு வந்து ஒட்டிக்கொண்டால் விட்டுவிடுங்கள். காய்ந்தபின் தட்டினால் கால் தடத்தோடு போய்விடும்.

அடுத்த பூச்சை மறுநாள் முழுதாகக் காய்ந்த பிறகு, லேசாகத் தேய்த்துவிட்டு அடிக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த எனாமல்மேல் அடித்தால் அதுவும் சுருங்கும்.

கன்னை அன்றே, குவளை காலியான உடனே, டர்பன்டைன் ஊற்றி அடித்து, நாஸிலையும் ஊசியையும் கழற்றிக் கழுவுங்கள். பெயின்ட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எனாமலிலுள்ள எண்ணெய் காயும்போது சூடாகித் தானாகவே தீப்பற்றக்கூடும், தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு வையுங்கள்.

எனாமல் கைக்கு ஒட்டாமல் காய்வது ஒரு நாள், நகம் பதியாமல் இறுகுவது ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் கதவுகளைத் திறந்தே வைத்திருந்து, வாசனை அடங்கியபின் துணிகளை அடுக்குங்கள். பட்டுப்புடவைகளைக் கடைசியாக வையுங்கள். பீரோவைப் பழைய மூலையில் நிறுத்தும்போது நான்கு கால்களுக்கும் அடியில் ஓரங்குல உயர ரப்பர் கட்டை வையுங்கள். துடைக்கும் தண்ணீர் இனி அந்த அடிப்பட்டையை எட்டாது.